இகழ்ச்சியின் வேர் எது?

அமெரிக்கச் சர்வகலாசாலைகள் மாணவரைச் சேர்க்கையில் நிறத்தை ஒரு காரணமாகக் கொள்ளலாகாதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2023 ஜூன் 29-ல் தீர்ப்பளித்தது. சலுகை ஒழிந்தால், கறுப்பு மாணவரைத் தொடரும் 'தகுதியற்றவர்' என்ற இகழ்ச்சியும் ஒழியுமென்று தீர்ப்பை ஆதரிப்போர் பலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

டூ பாய்ஸ் 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் சலுகை ஏது? எனினும், மறு ஆண்டு பென்சில்வேனியா சர்வகலாசாலை அவரை ஆராய்ச்சிக்கு அமர்த்திற்றேயன்றி, மாணவருக்குப் போதிக்க விடவில்லை. இகழ்ச்சி முந்தியது; சலுகை பிந்தியது. பிந்தியது முந்தியதற்குக் காரணமாகுமோ?

பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஹார்வர்ட் காட்டிவந்த தாட்சண்யத்தை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. அதுவும் சலுகையே, ஆயினும் அப்பிள்ளைகளை இகழ்வார் அரியர். ஆகவே, இகழ்ச்சியின் வேர் சலுகையன்று, நிறத்துவேஷமே. கதவை அடைத்தலால் துவேஷம் மாயாது; வெளியே நிற்போர் தொகையே பெருகும்.