சுவரில் விளையாடும் குழந்தைகள்

மலேசியாவைச் சேர்ந்த பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், ஆர்மீனியன் வீதியின் பழஞ்சுவர் ஒன்றில் ஓர் அக்காளும் தம்பியும் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் சித்திரம்; சைக்கிள் மெய்யானது. லிதுவேனியா தேசத்துச் சித்திரக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ஆம் வருஷம் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக இதைத் தீட்டினார். ஆ குவீ வீதியில் பழைய மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்த சிறுவனும், மன்ட்ரி வீதியில் இரு ஜன்னல்களின் மேல் கையூன்றி எழும்பும் சிறுமியும் அவர் கைவண்ணமே.

இச்சித்திரங்களைக் காண வரும் பிரயாணிகள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். நரைத்த தலையினரும் அந்தச் சைக்கிளைத் தாமே ஓட்டுவதுபோல் பாவனை செய்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கும் கவலையுமாக நடக்கும் மனிதனை ஒரு கணமேனும் சிறுபிள்ளையாக்கி, தான் ஓடியாடிய தெருவை நினைத்து ஏங்கச் செய்வது அற்ப காரியமன்று. சித்திரக்காரரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி எழாமலில்லை. 1560-இல் பிளெமிய ஓவியர் பீட்டர் பிரூகல், ஒரு நகரச் சதுக்கம் நிறைய இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எழுதினார். வளையம் உருட்டுவோரும், பச்சைக் குதிரை தாண்டுவோரும், மரக்கால்மேல் நடப்போருமாக அப்படம் இன்றும் வியன்னா நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறது. தம் காலத்துத் தெருக்களில் நடந்த ஆட்டங்களையே அவர் எழுதினார். ஜார்ஜ் டவுன் சுவர்களோ போன காலத்தை நினைவூட்டுகின்றன. அச்சுவர்களுக்குப் பின்னால் குடியிருந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்?

இதற்கு விடை அந்நகரின் வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. அது 1997-இல் ரத்து செய்யப்பட்டு, 2000-ஆம் வருஷத் தொடக்கத்தோடு பாதுகாப்பு அறவே நீங்கிற்று. வாடகை ஏறவே, தலைமுறை தலைமுறையாக வசித்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக அங்கீகரித்த பின் கீர்த்தி பெருகிற்று. கட்டிடங்களின் விலையும் பெருகிற்று. குடித்தன வீடுகள் ஓட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

பழைய சட்டத்தில் குறையில்லையென்று நாம் சொல்லவில்லை. அற்ப வாடகை பெற்ற சொந்தக்காரர்கள் வீட்டைப் பழுதுபார்க்க மனங்கொள்ளவில்லை. அதனால் கூரைகள் சரிந்ததும் உண்மை. பிரயாணிகளின் வரவால் பலருக்குப் பிழைப்புக் கிடைத்திருப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுக்கூரையைக் காப்பாற்றி, அதன் கீழ் வாழ்ந்தவனைக் கைவிடுவது எந்தப் பாரம்பரியத்தைக் காப்பதாகும்?

இவ்வீதிகள் நமக்கும் அந்நியமல்ல. தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த பெயரைச் சூலியா வீதி இன்றும் தாங்கி நிற்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் மக்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்ந்த ஊர் அது. அந்தக் கலப்பை எந்த வர்ணத்தாலும் சுவரில் எழுதிவிட முடியாது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: எஞ்சியிருக்கும் பழங்குடித்தனக்காரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தமும், தாங்கத்தக்க வாடகையும் கிடைக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டும். பிரயாணிகளால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை, அவர்கள் வசிக்கும் வீடுகளைப் பழுதுபார்க்க ஒதுக்க வேண்டும். மாலைப் பொழுதில் சில சந்துகளிலேனும் மோட்டார் வண்டிகளை நிறுத்திவைத்து, பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சுவர்களுக்குச் சித்திரம் தேடும் மற்ற நகரசபைகளும், நம் நாட்டு நகரசபைகள் உள்பட, இதைக் கவனிப்பது நலம்.

சித்திரம் வெயிலிலும் மழையிலும் மங்கும். மறுபடி வர்ணம் பூசிக்கொள்ளலாம். ஊரைவிட்டுப் போன குடும்பத்தைத் திரும்ப எழுதிக்கொள்ள எந்தத் தூரிகையாலும் இயலாது. சுவரிலுள்ள குழந்தைகளுக்குத் துணையாகத் தெருவிலும் குழந்தைகள் ஓடட்டும். அப்போதுதான் அச்சித்திரத்துக்கும் உயிர் இருக்கும்.