கல்லில் இருக்கும் மான்

பேரனை மாமல்லபுரம் கூட்டிப் போயிருந்தேன். அர்ச்சுனன் தபசில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் காட்டினேன். "நிஜ மான் எங்கே தாத்தா?" என்றான்.

இதே கடலோரமாகத் தெற்கே போனால் கோடியக்கரையில் வெளிமான் உண்டு. 1967-லேயே அதற்குச் சரணாலயம் அமைத்தார்கள். திறந்த புல்வெளியில் பகையைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் பிராணி அது. அந்தப் புல்வெளியில் இப்போது சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. நெற்றைத் தின்று விதையைப் பரப்புவதும் அதே மான்தான், பாவம்!

அயல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது. சந்தோஷம். ஆனால் வேரோடு பிடுங்கி, புல் திரும்பும்வரை வருஷாவருஷம் முளைக்கும் கன்றுகளையும் களைய வேண்டும். பணத்தை அதற்கு ஒதுக்கட்டும். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஏரிக்கரையில் மேலாக வெட்டிவிட்டுப் போனார்கள். இரண்டே மழையில் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது.