பழைய கணினி மீது மட்டும் பழியா?

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகம் 1984-இல் தொடங்கப்பட்டது. உள்ளே போக வேண்டுமானால் வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் அலுவலக வாசல்கள் வீட்டுக்கே வந்துவிட்டன. சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் மடிக்கணினியைத் திறந்தவர்களுக்கு அந்த வாசலின் பெயர் விபிஎன்!

வாசல் மெதுவாகத் திறந்தால் என்ன பதில் கிடைக்கிறது? "உங்க சிஸ்டம் பழசு, புதுசு வாங்குங்க." வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான பிள்ளை தவணையில் ஒரு மடிக்கணினி வாங்குகிறது. சில சமயம் அதன் பிறகும் வேகம் வருவதில்லை. பணம்தான் போகிறது.

பழசு என்பது பொய்யல்ல, பாதி உண்மை. விபிஎன் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பூட்டி அனுப்புகிறது, வருவதைத் திறந்து தருகிறது. அந்தப் பூட்டு வேலைக்கென்றே ஏஇஎஸ்-என்ஐ என்ற வசதியை இன்டெல் 2010-இல் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பின் சில ஆண்டுகள் வரை விலை குறைந்த பென்டியம், செலரான் சில்லுகள் பலவற்றில் அது இல்லை. போதாக்குறைக்கு ஓபன்விபிஎன் வழக்கமாக ஒரே ஒரு கோரை வைத்துத்தான் ஓடும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெரிய கோப்பு ஒன்றை விபிஎன் வழியாக இறக்கிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். இரண்டு கோர் கணினியில் 50 சதவீதம் என்று காட்டினால் 'பாதி சும்மா இருக்கிறது' என்று நினைக்கக் கூடாது. ஒரு கோர் முழுவதும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம்! அப்படியானால் வயர்கார்டு உதவும். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-உடன் சேர்ந்த இதன் பூட்டுமுறை, அந்தத் தனி வசதி இல்லாத சில்லிலும் வேகமாக ஓடும்.

பிராசஸர் சும்மா இருந்தால்? குற்றவாளி வேறு. வைஃபையை விட்டு கேபிளைச் செருகிப் பார்க்க வேண்டும். நெருக்கமான அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம்ம ஜிஎஸ்டி ரோடு மாதிரி. விபிஎன் டிசிபி-யில் ஓடினால் யூடிபி-க்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். சின்னப் பக்கங்கள் திறந்து, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றால் எம்டியூ அளவைச் சந்தேகிக்கலாம். வழக்கமான அளவு 1500. பிபிபிஓஇ இணைப்பில் அது 1492 ஆகும், விபிஎன் உறை இன்னும் குறைக்கும்.

மிச்சமிருப்பவை நிர்வாகத்தின் கையில். சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் ஒரு தகவல் போய்வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரு கோப்பைத் திறக்கப் பலமுறை போய்வர வேண்டும். எந்தப் புதுக் கணினியும் இந்தத் தூரத்தைக் குறைக்காது. வீடியோ கூட்டங்கள் உட்பட எல்லாவற்றையும் விபிஎன்னுக்குள் திணிப்பது இன்னொரு தவறு. 2020-இல் மைக்ரோசாஃப்டே தன் டீம்ஸ் போன்ற சேவைகளை நேரடி இணையத்தில் விடச் சொன்னது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே சில சமயம் கூடமே கோணல், பழி மட்டும் ஆடுபவள் மேல்!

ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு அலுவலக வலைக்குள் நுழைவது நிச்சயம் ஆபத்து. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் காரணத்தால் மாற்றச் சொன்னால் நியாயம். வேகத்துக்காக என்றால் முதலில் அளந்து காட்டட்டும். அளந்த பிறகும் கணினிதான் காரணம் என்றால், கருவியை நிறுவனம் தரட்டும். மெப்ஸுக்குள் நாற்காலியும் மேசையும் யார் வாங்கிப் போட்டார்கள்? ஊழியரா?