மணல் யாருக்குத் திரும்பியது?

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு இன்று போகிறவர்கள் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கருங்கற்கள்தான் கிடந்தன. 'ராக் பீச்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் பணம் கொடுத்தது. அதன்கீழ் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் கடலுக்கடியில் ஆப்பு வடிவிலான பெரிய இரும்புக் கட்டமைப்பு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் உடைந்தது, மணல் தங்கியது. மற்ற ஊர்களுக்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படும் வெற்றிக் கதை இது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்தால் மீனவர் குப்பங்கள் கற்குவியலுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கலாம். பொதுப் பணம் மணலை மீட்கும்போது, யாருக்கான மணலை முதலில் மீட்கிறது?

இதற்குப் பதில் தேட மணல் ஏன் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கடற்கரை மணல் ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும் பொருள் அல்ல. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் திருப்பித் தள்ளுகின்றன. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. வடக்கே போகவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. இப்படி ஆகும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டிய அரசு அந்த வேலையை மட்டும் முறையாகச் செய்யவில்லை. ஆகவே இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்வது ஏமாற்று. பொதுப் பணத்தில் கட்டிய ஒன்றால் வந்த இழப்பு இது.

பிறகு கடல் கரையைத் தின்னத் தொடங்கியதும் கற்களைக் கொட்டினார்கள். கல் தனக்குப் பின்னால் இருப்பதைக் காக்கும், கடலின் பசியை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்டியபின் எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போனது. அதற்கப்பால் மறுபடியும் புதுச்சேரிப் பகுதியான பிள்ளைச்சாவடி. இரண்டு அரசுகள், ஒரே கடல். ஒரு பக்கத்தின் கல்லுக்கு மறுபக்கம் விலை கொடுக்கிறது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான கரை மாற்றங்களை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இது 41 விழுக்காடு, புதுச்சேரியில் 57.

நகரவாசிக்கு மணல் என்பது மாலையில் காற்று வாங்கும் இடம். குப்பத்துக்கு அது வேலைத்தளம். கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் இழுத்து ஏற்றுவது, கரைவலை இழுப்பது, வலையை உலர்த்திப் பழுது பார்ப்பது, கருவாடு காயவைப்பது, மீனை ஏலம் விடுவது எல்லாம் அங்கேதான். மணல் போய்க் கல் வந்தால் படகைக் கரையேற்ற முடியாது. படகு துறைமுகத்துக்குப் போய்விடும், ஏலமும் கூடவே போய்விடும். வீட்டு வாசலில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்ற பெண், இனி ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத் துறைமுகம் போய், பெரிய வியாபாரியோடு போட்டி போட்டு மீன் எடுக்க வேண்டும். இந்த இழப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு தலைப்பாக வருவதில்லை. சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை வரும், விடுதி அறைகளின் எண்ணிக்கை வரும்.

அரசின் சொற்களைக் கவனியுங்கள். சுற்றுலாக் கரைக்கு 'மீட்பு', 'புனரமைப்பு', 'மேம்பாடு'. குப்பத்துக்குப் பெரும்பாலும் 'கடலரிப்புத் தடுப்பு'. முதலாவதற்குக் கடல் விஞ்ஞானிகள் வருகிறார்கள், மாதிரி செய்து பார்க்கிறார்கள், விளைவைக் கண்காணிக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒப்பந்தக்காரரின் லாரியில் கல் வருகிறது, தூண்டில் வளைவு வருகிறது. அதுவும் மறியல் செய்தபிறகு. கல் கொட்டினால் குப்பத்து மணல் திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். வீடு கடலுக்குள் போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அங்கே கணக்கு.

நகரக் கரையில் கட்டமைப்பை இறக்கியது சரியே, அங்கே மணல் நிரம்பியபின் மிச்சம் தானாக வடக்கே நகரும் என்று வாதிடுவார்கள். கோட்பாட்டளவில் உண்மை. ஆனால் துறைமுகச் சுவர் அடைத்து வைத்திருக்கும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடக்கே விட்டால்தான் நிரம்பி வழிய எதுவும் இருக்கும். தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். அதில் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. நம்மூர் அரசியலில் கல்வெட்டு இல்லாத செலவு நிற்பதில்லை.

இப்போது சாதிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்தார்கள். குப்பங்கள் இரண்டுக்கும் வெளியே, கடலோரமாக ஒதுங்கின. காலனி போய் எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் 'ஒயிட் டவுன்' என்ற பெயர் விடுதி விளம்பரங்களிலும் ரீல்ஸ்களிலும் கூச்சமில்லாமல் விற்பனையாகிறது. நிறத்தின் பேரால் மனிதர்களைப் பிரித்த கோடு பாரம்பரியமாகிவிட்டது. 'குப்பம்' என்ற சொல்லோ வசவாகிவிட்டது. எது அழகு, எது அசிங்கம், எது மீட்கத் தகுந்தது என்று தீர்மானிக்கும் கண் இந்தச் சாதியச் சமூகத்தின் கண்தான். அந்தக் கண்ணுக்குக் கருவாடு காயும் மணல் அசுத்தம், ஐஸ்கிரீம் விற்கும் மணல் சுற்றுலா. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தது. மணல் திரும்பிவந்தால் அதில் முதலில் யார் வந்து உட்காருவார்கள் என்பது அதிலேயே இருக்கிறது.

ஆனால் குப்பத்தை ஒரே மக்களாகப் பார்ப்பதும் நமக்கு வசதியான பொய். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் தலித்துகள் நிவாரண முகாம்களிலும் உதவிப் பங்கீட்டிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகு இல்லாதவர், மீன் சுமக்கும் கூலி, கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர் போன்றோர் 'பாதிக்கப்பட்ட மீனவர்' பட்டியலில் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். மீட்கப்பட்ட கடற்கரையை விடிவதற்கு முன் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சுற்றுலாவால் வேலைவாய்ப்பு என்று சொல்பவர்கள் அந்த வேலைவாய்ப்பையும், அதன் ஒப்பந்தக் கூலியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு அரசு 1,675 கோடி ரூபாயில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவித்திருக்கிறது. பெயர் நன்றாக இருக்கிறது. நீலக்கொடிக் கடற்கரைகளும் அதில் அடக்கம் என்பதால்தான் கவலையாகவும் இருக்கிறது. எந்தெந்தக் கரைக்கு எவ்வளவு, குப்பங்களுக்கு எவ்வளவு, சுற்றுலாத் தலங்களுக்கு எவ்வளவு என்று ஊர்வாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். கிராமசபையில் வைக்கச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியோடு சேர்ந்து ஒரே மணல் கணக்கு போடச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல. புதுச்சேரி துறைமுக முகத்துவாரம் மணல் மூடி, படகுகள் போக வர முடியாமல், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவது அடிக்கடி வரும் செய்தி. சில கிலோமீட்டர் வடக்கே, மணல் போய்விட்டது என்று அதே சமூகத்து மக்கள் சாலை மறியல் செய்கிறார்கள். இரண்டு போராட்டங்களும் கேட்பது ஒரே மணலைப் பற்றித்தான்.