தேன் எடுத்தாச்சு, அடையை என்ன செய்யறது?

கல்வராயன் மலை அடிவாரத்தில் வங்கி மேலாளராக இருந்தபோது தேனீப் பெட்டிக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டியில் கோழி அடைகாக்கும். "தேனீ ஓடிப்போச்சு சார்" என்பார்கள். அக்கறை இல்லாத ஆட்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்புவேன். ஓய்வு பெற்று, திருக்கோவிலூர் பக்கம் எட்டுப் பெட்டி வைத்த பிறகுதான் புரிந்தது.

முதல் வருடம் வேம்பும் புங்கனும் பூத்து முடிந்ததும் தேன் எடுத்தேன். காலி அடைகளை மோட்டார் கொட்டகையில் அடுக்கி, சாக்கு போட்டு மூடினேன். ஆடி கழிந்து திறந்தால் உள்ளே ஒரே நூலாம்படை, புழு. சட்டத்துக் கட்டையைக்கூட அரித்திருந்தது. எல்லாம் மெழுகு அந்துப்பூச்சியின் வேலை.

"நாலு பாச்சை உருண்டை போடுங்க சார்" என்றார் ஒருவர். அடுத்த வருடம் போட்டேன். பூச்சி வரவில்லைதான். ஆனால் அதற்கடுத்து எடுத்த தேனில் அந்த நெடி. என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதையா இயற்கைத் தேன்னு விக்கப் போறீங்க?" என்றாள். அத்தனையும் கொட்டினேன். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் மெழுகில் ஊறி, தேனுக்கு இறங்கும். வயலில் மருந்தடிக்காத நாம் பெட்டிக்குள் ரசாயனம் போட்டால் யாரை ஏமாற்றுகிறோம்?

அடையை உருக்கிவிட்டால் போச்சு என்பவர்கள் உண்டு. ஒரு கிலோ மெழுகு சுரக்க தேனீ 6 முதல் 8 கிலோ தேன் சாப்பிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், தேன் வட்டி, அடைதான் முதல்.

இப்போது நான் செய்வது இதுதான். பிழிந்த அடைகளைப் பொழுது சாய்ந்ததும் பெட்டியிலேயே திரும்ப வைக்கிறேன். பகலில் வெளியே வைத்தால் அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் தேனீக்களே நக்கிச் சுத்தமாக்கிவிடும். பிறகு தேன் அறையைக் கழற்றிவிடுகிறேன். பூ இல்லாத காலத்தில் கூட்டம் சுருங்கும். காவல் இல்லாத அடையில் அந்துப்பூச்சி முட்டையிடும். நம் இந்தியத் தேனீ பூச்சி ஏறிய கூட்டில் தங்காது, ஓடிவிடும். அன்று "ஓடிப்போச்சு" என்றவர்கள் சொன்னது உண்மைதான்.

புழு வளர்த்த கறுத்த அடைதான் பூச்சிக்குப் பிடித்த தீனி. பழசாகிக் கழித்ததை உருக்கிவிடுகிறேன். வெள்ளை அடை மட்டும் சேமிப்புக்கு. நூறு வருடங்களுக்கு முன் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்கென வடிவமைத்த பெட்டியின் தேன் சட்டம் சின்னது, வீட்டு ஃப்ரீசரில் அடங்கும். பாலித்தீன் பையில் கட்டி ஒரு முழு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்ததும் பையைப் பிரிக்காமல், மேலே வியர்த்த தண்ணீர் காய்ந்த பிறகு, மூடி இறுகிய டிரம்மில் வைக்கலாம். உறைந்த அடை பொடிப்பொடியாக நொறுங்கும், மெதுவாகக் கையாளுங்கள்.

தேன் பிழியும் கருவியை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் மெழுகு இளகி அப்பிக்கொள்ளும். தேனுக்குப் புளிப்புத் தன்மை உண்டு, கழுவாமல் விட்டால் தகரம் துருப்பிடிக்கும்.

நான் போன பயிற்சி தேன் பிழிவதோடு முடிந்துவிட்டது. நம் இயக்கம் நடத்தும் பயிற்சிகளிலாவது அதற்குப் பிந்தைய வேலைக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். ஊருக்கு ஒரு கருவி, ஒரு ஃப்ரீசர் என்று பொதுவில் வைத்துக்கொண்டாலும் போதும். அன்று அந்த உழவர்களுக்கு நான் கடன் கொடுத்தேன். இந்த அரை நாளைக் கொடுக்க யாரும் இல்லை.