குழந்தையின் வயிறு ஷிப்டு முடியும்வரை காத்திருக்காது

1902-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் நகரில் ஏழாம் எட்வர்டு மன்னனின் முடிசூட்டு விழாவுக்கு ஏற்பாடெல்லாம் முடிந்திருந்தது. விழா 26-ந் தேதி. பல தேசத்து விருந்தாளிகளும் வந்து இறங்கிவிட்டனர். அந்த நேரத்தில் மன்னனுக்கு வயிற்று வலி. குடல்வால் பக்கம் சீழ் கட்டிவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர் டிரீவ்ஸ். விழா நின்றது. 24-ந் தேதி அரண்மனையிலேயே ஆபரேஷன் நடந்தது. மன்னன் பிழைத்து ஆகஸ்டில் முடி சூடினான்.

ஒரு மன்னனின் வயிற்றுக்காக ஒரு சாம்ராஜ்யத்தின் விழாவே நின்றது. மில் தொழிலாளியின் குழந்தைக்கு வயிறு வலித்தால் ஒரு ஷிப்டு விடுப்புக் கிடைக்கிறதா? நாற்று நடுகிறவளின் மகனுக்கு வலித்தால் அன்றைய கூலி கிடைக்கிறதா? இதுதான் நமது கேள்வி.

குழந்தைகளின் வயிற்று வலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதனால்தான் “சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வேலைக்குப் போகிறோம். ஆனால் சில வலிகள் சாயங்காலம் வரை பொறுக்கா. அவற்றை ஒவ்வொரு பாட்டாளித் தாயும் தகப்பனும் அடையாளம் காண வேண்டும்.

முதலாவது, குடல்வால் அழற்சி. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பிள்ளை சோற்றை வெறுக்கும், வாந்தி எடுக்கும், லேசான காய்ச்சல் வரும். இருமினாலும் குதித்தாலும் வலி கூடும். குனிந்து நொண்டி நடக்கும். நாள் கடத்தினால் குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவும். வெடித்ததும் வலி சற்றுக் குறைவது போலத் தோன்றலாம். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. சிறு குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஆகவே அதற்கு அபாயமும் அதிகம்.

இரண்டாவது, குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காண்பது. திடீரென்று வீரிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கும், சற்று ஓயும், கால் மணியில் மறுபடி அழும். நடுவில் வெளுத்துத் துவண்டு கிடக்கும். மலத்தில் சளியும் ரத்தமும் வந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சீக்கிரம் கொண்டுபோனால், ஆசனவாய் வழியே காற்றோ உப்பு நீரோ செலுத்தி, பெரும்பாலும் கத்தியே இல்லாமல் குடலைச் சரிசெய்துவிடுகிறார்கள். தாமதித்தால் அழுகிய குடலை வெட்டி எடுக்க நேரும்.

மூன்றாவது, பிறந்த குழந்தையின் பச்சை வாந்தி. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை, குடித்த பாலை ஒவ்வொரு முறையும் பீய்ச்சியடித்துக் கக்கிவிட்டு மீண்டும் பசித்து அழுதால், இரைப்பையின் வாய் சுருங்கியிருக்கலாம். சின்ன ஆபரேஷனில் இது தீரும்.

நான்காவது, குடலிறக்கம். தொடையிடுக்கில் வரும் வீக்கம் கயிறு கட்டுவதால் தீராது, ஆபரேஷன் வேண்டும். அது இறுகிச் சிவந்து உள்ளே போகாமல், குழந்தை அழுது வாந்தியும் எடுத்தால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். தொப்புள் புடைப்போ பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டுவது வீண்.

குடல் தட்டுவது, சூடு போடுவது, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது இவையெல்லாம் இந்த நோய்களில் ஆபத்தானவை. டாக்டர் பார்க்கும்வரை சோறும் பாலும் கொடுக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டிக்குக் காசு இல்லை. காப்பீட்டு அட்டையைத் தேடி நேரம் போக்காதீர்கள். முதலில் குழந்தை, பிறகு அட்டை.

இத்தனையும் தெரிந்த தாய் கூடச் சில சமயம் தாமதிக்கிறாள். அதற்கு அறியாமையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பதுதான் காரணம். 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளி நோயில் படுத்தால் ஈட்டுத்தொகை தந்தது. குடும்பத்துக்கு வைத்தியமும் தந்தது. பிள்ளை படுத்து, தாய் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த நாளுக்கு ஒரு காசும் இல்லை. விவசாயக் கூலிக்கோ இ.எஸ்.ஐ.யே இல்லை.

ஆகவே நாம் கோருவது இது. பிள்ளையின் ஆபத்து நோய்க்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக ஆபரேஷன் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்க வேண்டும். கட்டடம் மட்டும் நின்று, இரவு டாக்டர் இல்லையென்றால் குழந்தையை இன்னொரு ஊருக்கு அனுப்புவார்கள். அந்த வழியில்தான் உயிர் போகிறது.

மில் வாசல் கூட்டத்திலும் கிராம சபையிலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். ஒரு தோழரின் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த வீட்டு அடுப்பு எரிவதைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த உறுதி இருந்தால் எந்தத் தாயும் சாயங்காலம் வரை காத்திருக்க மாட்டாள்.