கேட்டதும் நினைத்ததும்: ஓர் இளைஞர் குழுவின் முதல் இசைத்தட்டு

சென்ற மாதக் கூட்டம் முடிந்து ஜமக்காளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், சங்கத்து அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "மாதந்தோறும் இசையைப் பற்றி எழுதுகிறீர்களே, எங்கள் வீட்டு வழக்கு ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். பையன் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கேட்கிறான். உள்ளே எவனோ தொண்டை கிழியக் கத்துகிறான். அது பாட்டுத்தானா? அதைத் தடுக்கலாமா, கூடாதா?" என்றார். நாம் உடனே விடை சொல்லவில்லை. கேளாமல் தீர்ப்பு வழங்குவது முறையன்று. பையனிடமே அதன் பெயரைக் கேட்டறிந்து வந்து, மூன்று முறை முழுமையாகக் கேட்டோம்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனைச் சேர்ந்த "ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்" என்னும் குழுவினர் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. குழுவின் பெயரே தட்டின் பெயரும் ஆகும். ஸ்ட்ராவின்ஸ்கியின் புகழ்பெற்ற நாட்டிய இசைப் படைப்பை அப்பெயர் நினைவூட்டுகிறது. 1913-இல் பாரிஸில் முதன்முறை அரங்கேறியபோது சபையில் பெருங்கூச்சலை எழுப்பிய படைப்பு அது. குழுவில் நால்வர். கை பிச்சோட்டோ பாடியும் கிதார் வாசித்தும் முன் நிற்கிறார். எடி ஜானி கிதாரும், மைக் ஃபெல்லோஸ் பேஸ் கிதாரும், பிரெண்டன் கான்டி டிரம்ஸும் வாசிக்கின்றனர். பாடல்கள் 12. எல்லாம் சேர்ந்து அரைமணிக்குச் சற்று மேல் ஒலிக்கின்றன.

இத்தட்டின் அருமையை உணர, அது முளைத்த மண்ணைச் சிறிது அறிய வேண்டும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரத்து இளைஞர்களிடையே "ஹார்ட்கோர்" என்றோர் இசைமுறை எழுந்தது. மின்னல் வேகமும், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் பாட்டும், பாடுவதைவிட முழங்குவதே மிகுந்த குரலும் அதன் இலக்கணம். கோபத்தைச் சொல்ல அது நல்ல கருவியாயிற்று. ஆயினும் நாளடைவில் கச்சேரிகளில் கைகலப்பு மலிந்தது. கோபம் ஒன்றே விதியாகிவிட்டது. அதில் சலிப்புற்றோர், வேகத்தையும் வலிமையையும் கைவிடாமலே, துயரம், ஏக்கம், நினைவு முதலிய பிற உணர்ச்சிகளுக்கும் இடம் தேடினர். 1985-ஆம் ஆண்டுக் கோடையை அவர்கள் "புரட்சிக் கோடை" என்று பெயரிட்டு அழைத்தனர். இவ்வட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அக்கோடையில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கூடி, நிறவெறி ஆட்சியைக் கண்டித்து டிரம்ஸையும் வாளிகளையும் முழக்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் "போஸ்ட்-ஹார்ட்கோர்" என வழங்கலான இசையின் தலைவாசல்களுள் ஒன்று இத்தட்டு.

இதை வெளியிட்ட "டிஸ்கார்ட்" நிறுவனத்தின் கதை நம் சங்கத்தாருக்குப் பிடிக்கும். 1980-இல் சில இளைஞர்கள், தம் குழுவின் பாட்டுகளை வெளியிடப் பெரிய கம்பெனிகளின் வாயிலில் காத்திராமல், கச்சேரியில் சேர்த்த பணத்தைக்கொண்டு தாமே தட்டு அச்சிட்டனர். முதல் தட்டின் உறைகளைத் தம் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அவர்களுள் ஒருவரான இயன் மக்காயே இந்தத் தட்டின் தயாரிப்பையும் கவனித்தார். ஒலிப்பதிவு செய்தவர் டான் ஸியென்டாரா. அவருடைய "இன்னர் இயர்" ஒலிப்பதிவுக் கூடம் அந்நாளில் அவர் வீட்டின் அடித்தளத்திலேயே இயங்கிவந்தது. நாமே நாற்காலி அடுக்கி, நாமே இதழ் மடித்து அனுப்பும் நமக்கு, இவ்வுழைப்பின் சுவை தெரியாததன்று.

இனி நிறைகளைக் கூறுவோம். முதற்கண் மெட்டு. கூச்சலுக்கு அடியில் மெட்டு ஓடுகிறது. முதல்முறை கேட்டபோது அது நம் காதுக்கு அகப்படவில்லை; மூன்றாம் முறை கேட்டபின் இரு பாட்டுகளை நாமே முணுமுணுக்கக் கண்டோம். இரண்டாவது, தாளம். கான்டி வெறுமனே காலத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நல்ல மிருதங்க வித்துவான் பாடகரின் மூச்சறிந்து வாசிப்பதுபோல், குரல் தளரும் இடத்தில் தாங்கியும், குரல் பாயும் இடத்தில் முந்தியும் வாசிக்கிறார். ஃபெல்லோஸின் பேஸ் கிதாரும் அடிச்சுருதியோடு நின்றுவிடாமல் தனக்கென ஒரு வழி நடக்கிறது. "டிரிங்க் டீப்" என்னும் பாட்டு ஏனையவற்றைவிட நிதானமானது. அங்கே இந்நால்வரின் கைத்திறம் தெளிவாகப் புலப்படுகிறது.

எல்லாவற்றினும் மேலான நிறை, துணிவு. முரட்டுத்தனத்தையே ஆண்மையென்று கொண்டாடிய கூட்டத்தின் நடுவே நின்று, தாம் இழந்ததையும், தமக்கு அழுகை வருவதையும் இவ்விளைஞர்கள் மறைக்காமல் பாடினார்கள். பொட்டோமாக் ஆற்றங்கரையிலுள்ள "ஹெயின்ஸ் பாயின்ட்" என்னும் நிலமுனையின் பெயரில் ஒரு பாட்டு அமைந்திருக்கிறது. சொந்த ஊரின் ஒரு மூலையைப் பாட்டுக்குப் பெயராக்குவது என்னவென்று, ஆற்றையும் படித்துறையையும் ஊரில் விட்டுவந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உள. அவற்றை மறைப்பது அவ்விளைஞர்களுக்கே செய்யும் அவமரியாதை. ஒன்று, குரல் ஏறக்குறைய எப்பொழுதும் உச்சத்திலேயே நிற்கிறது. மேல் ஸ்தாயியிலேயே ஒருவர் கச்சேரி முழுதும் பாடினால், அந்த ஸ்தாயிக்கு மதிப்பேது? இரண்டு, சொற்கள் பல இடங்களில் விளங்கவில்லை. உள்ளத்தைத் திறந்து காட்டவே பாடுகிறோம் என்பவர்கள், சொல்லைக் கேட்போரிடம் சேர்க்கவும் கடமைப்பட்டவர்களன்றோ? மூன்று, சாகித்தியத்தில் எங்கும் "நான்" நிறைந்திருக்கிறது. காலம் கழிந்தது, வாய்ப்பு நழுவியது என்று ஏங்கும் இப்பாட்டுகளில், எவரை இழந்தார், எப்படி இழந்தார் என்பதற்கு ஒரு முகமோ ஒரு சம்பவமோ அரிதாகவே கிடைக்கிறது. நான்கு, நடுவிலுள்ள சில பாட்டுகள் வேகத்திலும் நடையிலும் ஒன்றையொன்று ஒத்திருத்தலால் காது களைத்துப்போகிறது. இறுதிப் பாட்டாகிய "எண்ட் ஆன் எண்ட்" ஏழு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. நம் நிரவலில் ஒரே அடி ஒவ்வொரு முறையும் புதிய முகம் காட்டும். இங்கே திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஒலி ஏறுகிறதே ஒழியப் பொருள் ஏறவில்லை.

இக்குறைகள் பிறவிக் குறைகளோ, இளமைக் குறைகளோ? விடையைக் காலமே தந்துவிட்டது. 1986-லேயே இக்குழு கலைந்துபோயிற்று. பிச்சோட்டோவும் கான்டியும் பின்னர் மக்காய், ஜோ லாலி ஆகியோருடன் "ஃபியூகாசி" குழுவில் சேர்ந்தனர். 1990-இல் வந்த அக்குழுவின் "ரிப்பீட்டர்" தட்டைக் கேட்போர் வேறுபாட்டை உடனே உணர்வர். அங்கே மௌனத்துக்கும் இடமுண்டு. குரல் தாழ்ந்தும் பேசுகிறது. "நான்" மட்டுமன்றி ஊரும் உலகமும் பாட்டில் நுழைந்துவிட்டன. நுழைவுக் கட்டணத்தையும் பெரும்பாலும் 5 டாலருக்கு மேற்போகாமல் காத்தனர். ஆயின், முதல் தட்டைப் பின்பற்றிய பலரோ கதறலை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டனர். தம் இசைக்குப் பிறர் சூட்டிய "இமோ" என்னும் பெயரைப் பிச்சோட்டோ ஏற்றதேயில்லை.

குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்க்கச் சொன்ன வள்ளுவர் வழியே நிறுத்தால், தராசு குணத்தின் பக்கமே சாய்கிறது. நிறைவான படைப்பென்று நாம் சொல்லமாட்டோம். பொய்யான படைப்பன்று என்று உறுதியாகச் சொல்வோம்.

அன்பரின் கேள்விக்கு வருவோம். அவரிடம் இத்தனையும் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு தணிந்த குரலில், "பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை ஐயா. இப்படி அழுகிற பாட்டை அவன் ஏன் கேட்கிறான்? அவனுக்கு என்ன குறை?" என்றார். அப்போதுதான் அவர் கொண்டுவந்த வழக்கு எதுவென்று நமக்கு விளங்கிற்று. அதற்கு எந்த இசை விமரிசகனும் விடை கூற முடியாது. பையன் ஒருவனே கூற முடியும். ஊர் விட்டு ஊர் வந்து, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு, எம்மொழியிலும் சொல்ல வராத சில இருக்கக்கூடும். துயரப் பாட்டைக் கேட்பவரெல்லாம் துயருற்றவர் என்பதுமில்லை. முகாரி கேட்டு நாம் மகிழ்வதில்லையா?

தடுக்க வேண்டாம் என்றோம். கதவைத் தட்டி, "நானும் சற்றுக் கேட்கலாமா?" என்று கேளுங்கள் என்றோம். நான்காவது பாட்டு வரை உட்கார்ந்திருந்ததாகவும், அதன்பின் காது பொறுக்கவில்லையென்றும், ஆனால் பையன் ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொன்னான் என்றும், சென்ற ஞாயிறு வந்து கூறினார். கதவு இப்பொழுது பாதி திறந்திருக்கிறதாம்.